டாக்கிங், வேரிங்: காற்றின் குறுக்கே இரு திருப்பங்கள்

பாய்மரக் கப்பல்களைப் பற்றிய ஆங்கில நூல்களில், கப்பல் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் டாக்கிங், வேரிங் என்னும் இரு சொற்களுள் ஒன்று கட்டாயம் வரும். காற்றை ஒரு பக்கத்தில் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் கப்பல், அதே காற்றை மறுபக்கத்தில் வாங்கும்படி திரும்புவதையே இரண்டும் குறிப்பதால், ஒரே செயலுக்கு இரு பெயர்கள் என்று இவற்றை எண்ணிவிடுவது எளிது. உண்மையில், அணியம் எனப்படும் கப்பலின் முன்முனை காற்று வரும் திசையைக் கடந்து திரும்பினால் அது டாக்கிங். கப்பலின் பின்முனை அத்திசையைக் கடந்து திரும்பினால் அது வேரிங். திருப்பத்தில் எவ்வளவு தூரம் இழக்கப்படுகிறது, எத்தனை பேர் கயிறுகளைப் பிடிக்க வேண்டும், பாய்மரங்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்பவை அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன. இரு திருப்பங்களுள் எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கோ, பாயின் அமைப்பு மாறும்போது விடையும் தலைகீழாக மாறிவிடுகிறது.

காற்றை எதிர்த்து முன்னேறும் வழி

எந்தப் பாய்க்கப்பலும் காற்று வரும் திசைக்கு நேராக முகங்கொடுத்து முன்னேற முடியாது. காற்றைச் சாய்வாக வாங்கும் பாய், பறவையின் சிறகைப் போல ஒரு பக்கம் இழுவிசையைப் பெறுகிறது. அந்த விசையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் பகுதியை நீருக்கடியில் இருக்கும் அடிப்பகுதி தடுத்துவிட, எஞ்சும் பகுதி கப்பலை முன்னே செலுத்துகிறது. இந்தச் சாய்வு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே குறைந்தால் பாய் படபடத்து வலுவிழந்துவிடும். ஆகவே, காற்று வரும் திசையில் இருக்கும் ஓர் இடத்தை அடைய விரும்பும் கப்பல், முதலில் காற்றுக்கு ஒரு பக்கமாகவும் பின்னர் மறுபக்கமாகவும் மாறி மாறிச் சாய்ந்து, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

அந்தக் கோணம் எவ்வளவு என்பதைப் பாயின் அமைப்பே தீர்மானிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் போர்க்கப்பல்களிலும் பெரும் வணிகக் கப்பல்களிலும், பருமல் எனப்படும் குறுக்குமரங்களில் சதுரப் பாய்கள் தொங்கின. இந்தப் பருமல்கள் பாய்மரத்தோடு குறுக்காகக் கட்டப்பட்டிருந்ததால், ஓர் அளவுக்கு மேல் அவற்றைத் திருப்ப முடியாமல் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் தடுத்தன. திசைகாட்டியின் வட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறுக்கு 11¼ பாகை என்று கணக்கிட்ட மாலுமிகள், சதுரப் பாய்க்கப்பல் காற்றுத் திசையிலிருந்து 6 கூறுகள், அதாவது 67½ பாகை வரைதான் நெருங்க முடியும் என்று கொண்டனர். இக்கணக்கின்படி, காற்றை நேராக எதிர்த்து 100 கடல்மைல் முன்னேற வேண்டிய கப்பல் ஏறத்தாழ 260 கடல்மைல் ஓட வேண்டும். காற்று கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இழப்பைச் சேர்த்தால் அந்தத் தூரம் இன்னும் கூடும். 45 பாகை வரை காற்றை நெருங்கக்கூடிய இன்றைய பாய்ப்படகுக்கோ அதே பயணம் ஏறத்தாழ 141 கடல்மைலில் முடிந்துவிடும்.

இரு திருப்பங்களின் அளவும் இதே கணக்கிலிருந்து கிடைக்கிறது. காற்றுக்கு வலப்புறம் 6 கூறுகள் சாய்ந்து ஓடும் கப்பல் இடப்புறம் 6 கூறுகள் சாய்ந்து ஓட வேண்டுமானால், அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்பும் டாக்கிங்கில் 12 கூறுகள், அதாவது 135 பாகை சுழன்றால் போதும். காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுற்றிவரும் வேரிங்கிலோ மீதமுள்ள 20 கூறுகள், அதாவது 225 பாகை சுழல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் முழு வட்டம். ஒரே தொடக்கத்திலிருந்து ஒரே முடிவுக்குச் செல்லும் குறுகிய வில் ஒன்று, நீண்ட வில் மற்றொன்று என்று இவ்விரண்டையும் வடிவகணித நோக்கில் சொல்லலாம்.

ஒரு சொல், மூன்று பொருள்

டாக் என்னும் சொல்லைக் கடல்நூல்கள் மூன்று பொருள்களில் கையாள்கின்றன என்பதை அறியாவிட்டால் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். முதற்பொருளில் அது பாயின் கீழ்மூலைகளுள் காற்று வரும் பக்கத்து மூலையையும், அந்த மூலையை முன்னோக்கி இழுத்துக் கட்டும் கயிற்றையும் குறிக்கும். காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்போது பாயின் வலமூலை இவ்வாறு கட்டப்படுவதால், அப்படி ஓடும் கப்பலை ‘ஸ்டார்போர்டு டாக்’ நிலையில் இருப்பதாகவும், காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்போது ‘போர்ட் டாக்’ நிலையில் இருப்பதாகவும் சொல்வது வழக்கமாயிற்று; கயிற்றைக் குறித்த சொல் இவ்வாறு கப்பலின் நிலையைக் குறிக்கலானது இரண்டாம் பொருள். ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்கு அணியத்தைக் காற்றின் ஊடாகச் செலுத்தி மாறும் செயல் மூன்றாம் பொருள்.

இதிலிருந்து முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் ஓர் உண்மை தெளிவாகிறது: வேரிங் செய்யும் கப்பலும் டாக்கை மாற்றிக்கொள்கிறது, ஆனால் டாக்கிங் செய்வதில்லை. முன்னதில் டாக் என்பது கப்பலின் நிலை. பின்னதில் அந்நிலையை அடையும் வழிகளுள் ஒன்று.

மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றின் டாக்கிங்

சதுரப் பாய்களைக் கொண்ட பெருங்கப்பலில் டாக்கிங் என்பது நூற்றுக்கணக்கான கைகள் ஒரே கணக்கில் இயங்க வேண்டிய வேலையாக இருந்தது. ‘ரெடி அபௌட்’ என்ற முதற்குரல் எழுந்ததும், ஒவ்வொருவரும் தத்தம் கயிறுகளின் அருகே சென்று நிற்பர். சுக்கான் பிடிப்பவர் கப்பலைச் சற்றே காற்றிலிருந்து விலக்கி வேகத்தைக் கூட்டுவார்; அந்த வேகம்தான் அடுத்த சில நிமிடங்களுக்கான முதல். பிறகு சுக்கான் திருப்பப்பட, ‘ஹெல்ம்ஸ் அ-லீ’ என்ற குரலோடு, அணியத்தின் முன்னே இருக்கும் முக்கோணப் பாய்களின் கயிறுகள் தளர்த்தப்படும். கப்பலின் பின்முனையில் இருக்கும் பாயோ நடுக்கோட்டுக்கு இழுக்கப்படும். முன்னே காற்றின் அழுத்தம் குறைந்து பின்னே கூடுவதால், அணியம் காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கும்.

அணியம் காற்றை நெருங்க நெருங்க, முன்பாய்மரத்தின் சதுரப் பாய்கள் அதுவரை பின்பக்கத்தில் வாங்கிய காற்றை முன்பக்கத்தில் வாங்கி, பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது கப்பலின் ஓட்டத்தைத் தடுக்கும் என்றாலும், அணியத்தை மறுபக்கம் தள்ளும் நெம்புகோலாகவும் அதுவே உதவுகிறது. இந்த வேளையில் நடுப்பாய்மரத்தின் பாய்கள் முன்பாய்களின் காற்று மறைவுக்குள் வந்து, அழுத்தமின்றித் தொங்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருக்கும் தலைவர் ‘மெயின்செயில் ஹால்’ என்று ஆணையிட, மற்ற வேளைகளில் பெரும்பாடுபட்டு அசைக்க வேண்டிய கனத்த பருமல்கள் எளிதாகச் சுழன்று புதிய நிலைக்கு வந்துவிடும். அணியம் காற்றைக் கடந்ததும் ‘லெட் கோ அண்ட் ஹால்’ என்ற இறுதி ஆணையோடு முன்பருமல்களும் திருப்பப்பட, கப்பல் புதிய போக்கில் மெல்ல வேகமெடுக்கும்.

ஆணை சற்று முந்தினாலும் பிந்தினாலும், கப்பலின் வேகம் போதாவிட்டாலும், எதிரே வரும் பேரலை ஒன்று அணியத்தை அறைந்தாலும், திருப்பம் பாதியில் நின்றுவிடும். ஆங்கில மாலுமிகள் இதை ‘மிஸ்ஸிங் ஸ்டேஸ்’ என்பர். முன்னேறவும் முடியாமல் எப்பக்கமும் திரும்பவும் முடியாமல் காற்றுக்கு முகங்கொடுத்து நிற்கும் நிலையை, கைதிக்கு இடும் விலங்கை நினைவூட்டும் ‘இன் அயர்ன்ஸ்’ என்ற தொடரால் அவர்கள் குறித்தனர். அப்போது கப்பல் பின்னோக்கி நகரத் தொடங்கும்; நீரின் விசை எதிர்ப்புறத்திலிருந்து தாக்குவதால் சுக்கான் முறியவும் கூடும்.

வேரிங்: தூரத்தைக் கொடுத்துப் பாதுகாப்பைப் பெறுதல்

வேரிங்கில் இத்தகைய நெருக்கடியான கணம் ஏதும் இல்லை. சுக்கான் எதிர்ப்பக்கம் திருப்பப்பட்டு, பின்முனைப் பாய் சுருக்கப்பட்டதும், அணியம் காற்றிலிருந்து விலகிச் செல்லும். கப்பல் திரும்பத் திரும்பப் பருமல்களும் படிப்படியாகத் திருப்பப்படும். ஒரு கட்டத்தில் காற்று நேர் பின்னாலிருந்து வீசும். பின்முனை அதைக் கடந்ததும், கப்பல் மறுபக்கத்தில் காற்றை வாங்கியபடி மீண்டும் மேலே ஏறி வரும். தொடக்கம் முதல் முடிவு வரை காற்று பாய்களின் பின்பக்கத்திலேயே விழுவதால், கப்பல் ஓட்டத்தை இழப்பதில்லை. குறைந்த ஆட்களும் அவசரமின்றி இதை முடிக்கலாம். ஆள்பலம் மிகுந்த போர்க்கப்பல்களை விட, சிக்கனமாக ஆட்களை அமர்த்திய வணிகக் கப்பல்கள் வேரிங்கை அதிகம் நாடியதற்கு இது ஒரு காரணம்.

ஆனால், இதற்குக் கொடுக்க வேண்டிய விலை தூரம். நீண்ட வளைவில் சுற்றிவரும் கப்பல், பாடுபட்டு ஏறிய தூரத்தின் ஒரு பகுதியைக் காற்று போகும் பக்கத்தில் இழந்துவிடுகிறது. நடுக்கடலில் இந்த இழப்பு வெறும் நேர இழப்பு; காற்று போகும் பக்கத்தில் கரை இருந்தாலோ அது உயிர்ப் பிரச்சினை. காற்று தம்மைத் தள்ளிச் செல்லும் திசையில் இருக்கும் இந்தக் கரையை, ஆங்கில மாலுமிகள் ‘லீ ஷோர்’ என்று பெயரிட்டு அஞ்சினர். கரை நெருங்கிவிட்ட நிலையில் வேரிங்குக்கு இடம் இருக்காது. புயலில் டாக்கிங்கும் கைகூடாது. இரண்டும் அடைபட்ட வேளையில் கடைசி வழியாக, காற்று போகும் பக்கத்து நங்கூரத்தை இறக்கி, அதன் இழுப்பில் அணியத்தைத் திருப்பி, திரும்பியதும் நங்கூர வடத்தை வெட்டிவிடும் ‘கிளப் ஹாலிங்’ என்ற முறை கையாளப்பட்டது. 1812 டிசம்பரில் பிரான்சின் மேற்குக் கரையோரம் பிரித்தானியப் போர்க்கப்பலான ‘மக்னிஃபிசென்ட்’டை இம்முறையில் காப்பாற்றிய கேப்டன் ஜான் ஹேய்ஸுக்கு அந்தக் கப்பலின் பெயரே பட்டப்பெயராக நிலைத்தது.

போர்க்களத்தில் இரு சொற்கள்

இவ்விரு திருப்பங்களும் அருகருகே நின்று வரலாற்றைத் தீர்மானித்த போர், 1797 பிப்ரவரி 14 அன்று போர்த்துகலின் தென்மேற்கு முனையான செயின்ட் வின்சென்ட் அருகே நடந்தது. சர் ஜான் ஜெர்விஸ் தலைமையிலான 15 பிரித்தானியப் போர்க்கப்பல்கள், இரு கூட்டங்களாகப் பிரிந்து வந்த 27 ஸ்பானியக் கப்பல்களுக்கு இடையே வரிசையாக நுழைந்தன. பெரிய கூட்டத்தைத் துரத்துவதற்காக, முன்னே செல்லும் கப்பல் திரும்பிய அதே இடத்துக்கு வந்ததும் பின்னே வரும் ஒவ்வொன்றும் டாக்கிங் செய்ய வேண்டும் என்று ஜெர்விஸ் ஆணையிட்டார். வரிசையின் ஒழுங்கு கெடாமல் திரும்ப இதுவே வழி. ஆனால் கடைசிக் கப்பல்கள் திரும்பும் இடத்தை அடைய நெடுநேரம் ஆகும். அதற்குள் ஸ்பானியக் கூட்டம் பிரித்தானிய வரிசையின் வாலைச் சுற்றிக்கொண்டு மறு கூட்டத்தோடு சேர்ந்துவிடும் என்பதை, வாலிலிருந்து மூன்றாவதாகச் சென்ற ‘கேப்டன்’ என்னும் கப்பலில் இருந்த கமடோர் ஹொரேஷியோ நெல்சன் உணர்ந்தார்.

அவர் டாக்கிங் செய்யும் முறைக்காகக் காத்திருக்கவில்லை. வேரிங் செய்து, காற்று போகும் பக்கமாக வரிசையை விட்டு விலகி, சுற்றிவந்து, தமக்குப் பின்னே வந்த ‘டயடெம்’, ‘எக்ஸலென்ட்’ ஆகிய இரு கப்பல்களுக்கு இடையே புகுந்து, ஸ்பானியக் கூட்டத்தின் பாதையை மறித்தார். அன்று பிடிபட்ட நான்கு ஸ்பானியக் கப்பல்களுள் இரண்டை அவருடைய ஆட்களே ஏறிக் கைப்பற்றினர். டாக்கிங்குக்கான ஆணையும் நெல்சனின் வேரிங்கும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது தெரியாமல் இந்தப் போரின் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, நெல்சனின் கப்பல் ஏன் ஒரு சுழியைப் போல வளைந்து வருகிறது என்பது விளங்காது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1805 அக்டோபர் 21 காலையில், டிரஃபால்கர் முனைக்கு அருகே அதே வேரிங் மறுதரப்புக்குப் பாதகமாக அமைந்தது. நெல்சனின் 27 கப்பல்கள் நெருங்குவதைக் கண்ட பிரெஞ்சுத் தளபதி வில்நெவ், காடிஸ் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பி, தம் தலைமையிலிருந்த 33 பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களும் ஒரே நேரத்தில் வேரிங் செய்யுமாறு ஏறத்தாழ எட்டு மணிக்கு ஆணையிட்டார். டாக்கிங்குக்குத் தேவையான வேகத்தை அந்த மென்காற்று தந்திருக்காது. வேரிங்குக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அலையாட்டத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு வேகத்தில் திரும்பியதால், வரிசை பிறைபோல வளைந்து, சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் இடைவெளி விட்டும் சிதைந்தது. அந்த நிலையில்தான் நெல்சனின் கப்பல்கள் அதன்மீது மோதின.

ஜைபிங்: பாய் மாறினால் தீர்ப்பும் மாறும்

சதுரப் பாய்களுக்குப் பதிலாகக் கப்பலின் நீளவாட்டில் பாய்களை விரிக்கும் படகுகளில், பின்முனை காற்றைக் கடக்கும் திருப்பத்தை ஜைபிங் என்பர். இது டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வடிவகணிதப்படி வேரிங்கும் ஜைபிங்கும் ஒன்றே; ஆனால் படகில் இருப்பவரின் அனுபவம் முற்றிலும் வேறு.

நீளவாட்டுப் பாயின் ஒரு விளிம்பு பாய்மரத்தில் பிணைக்கப்பட்டிருக்க, அதன் அடிவிளிம்பை ‘பூம்’ எனப்படும் கிடைமரம் தாங்குகிறது. டாக்கிங் செய்யும்போது அணியம் காற்றைக் கடக்கும் வேளையில் பாய் கொடிபோல வலுவின்றிப் படபடப்பதால், பூம் அமைதியாக மறுபக்கம் நகர்கிறது. திருப்பம் கைகூடாவிட்டால் படகு நின்றுவிடும், அவ்வளவுதான். ஜைபிங்கிலோ பின்காற்றில் முழுவதும் விரிந்து நிற்கும் பாய், காற்று அதன் பின்விளிம்பைக் கடந்த மறுகணமே எதிர்ப்பக்கத்திலிருந்து முழு விசையையும் வாங்குவதால், பூம் தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வெட்டும் வேகத்தில் பாயும். அறியாமல் நேரும் ஜைபிங்கில் பாய்மரம் முறிவதும், தலையில் அடிபட்டு உயிர் போவதும் உண்டு. ஆகவே, திட்டமிட்டு ஜைபிங் செய்பவர் முதலில் பூமை நடுக்கோட்டுக்கு இழுத்து, பின்முனை காற்றைக் கடந்த பிறகு மெல்லத் தளர்த்துவார். பின்காற்றில் நெடுந்தூரம் ஓடும்போது பூம் தானாகத் திரும்பாதபடி ஒரு கயிற்றால் முன்னோக்கிக் கட்டியும் வைப்பார். பலத்த காற்றில் ஜைபிங்கைத் தவிர்த்து, சுற்றுவழியில் டாக்கிங் செய்தே போக்கை மாற்றிக்கொள்வோரும் பலர்.

சதுரப் பாய்க்கப்பலின் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. அதன் உயர்ந்த பாய்மரங்களைத் தாங்கும் கயிறுகள், பின்னாலிருந்து வரும் காற்றின் அழுத்தத்தைத் தாங்கும்படியே பெரும்பாலும் பக்கங்களிலும் பின்னாலும் கட்டப்பட்டிருந்தன. டாக்கிங்கில் பாய்கள் முன்பக்கத்தில் காற்றை வாங்கும்போது பாய்மரங்கள் தமக்குப் பழக்கமில்லாத திசையில் வளைக்கப்பட்டன. புயற்காற்றில் அது அவற்றை முறித்துவிடக்கூடும். ஆகவே, நல்ல காற்றில் டாக்கிங், கடுங்காற்றில் வேரிங் என்பது அவர்களுடைய விதி. காற்று கடுமையானால் பின்முனையைக் காற்றுக்குக் காட்டித் திரும்புவதே சதுரப் பாய்க்கப்பலுக்குப் பாதுகாப்பு. அணியத்தைக் காட்டித் திரும்புவதே நீளவாட்டுப் பாய்ப்படகுக்குப் பாதுகாப்பு.

இந்தியப் பெருங்கடலின் வேறு வழிகள்

அரபுக் கடலோடிகளின் தௌ கப்பல்கள் இந்த விதிக்கு மூன்றாவது கோணத்தைச் சேர்க்கின்றன. அவற்றின் பாய் நீளவாட்டுப் பாய் வகையைச் சேர்ந்தது என்றாலும், அதைத் தாங்கும் நீண்ட சாய்ந்த பருமல் பாய்மரத்தின் ஒரு பக்கத்தில் தொங்குவதால், கப்பல் டாக்கை மாற்றும்போது அந்தக் கனத்த மரத்தைப் பாய்மரத்தின் முன்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. காற்று எதிரே இருக்கும்போது இது இயலாது. காற்று பின்னால் வரும்போது பாய் முன்னே பறந்து இடம் கொடுப்பதால் அதைச் சுற்றிக் கொண்டுவரலாம். எனவே தௌ கப்பல்கள் வழக்கமாக வேரிங்கையே கையாண்டன. 1938-39இல் குவைத்தின் தௌ ஒன்றில் பயணம் செய்து அந்த வாழ்க்கையை நூலாக்கிய ஆஸ்திரேலிய மாலுமி ஆலன் வில்லியர்ஸ் இத்தகைய கப்பலோட்டத்தை அருகிருந்து பதிவுசெய்துள்ளார்.

இலங்கையின் தென்மேற்குக் கரை மீனவர்களின் ஒருவ என்னும் படகும், பசிபிக் பெருங்கடலில் மைக்ரோனேசியத் தீவுகளின் படகுகளும் இரு சொற்களுக்குள்ளும் அடங்குவதில்லை. படகு கவிழாமல் இருக்கப் பக்கத்தில் கட்டப்பட்ட மிதவைமரம் எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், இவை காற்றைக் கடப்பதே இல்லை. முன்முனையும் பின்முனையும் ஒரே வடிவில் அமைந்த இப்படகுகளில் பாயின் அமைப்பையும் சுக்கான் துடுப்பையும் மாற்றிவிட்டால், பின்முனையே முன்முனையாகி, படகு வந்த பக்கமே புதிய கோணத்தில் திரும்பி ஓடும். ‘ஷண்டிங்’ எனப்படும் இம்முறையோடு வைத்துப் பார்க்கும்போது, டாக்கிங்கும் வேரிங்கும் காற்றை இரு பக்கமும் மாறி மாறி வாங்கும் கலங்களுக்கே உரியவை என்பது புலப்படும்.

இன்றைய வழக்கு

இந்தச் சொற்கள் நூல்களில் மட்டும் வாழ்வன அல்ல. பாய்ப்படகுப் பந்தயத்தில் காற்றை எதிர்த்து ஏறும் கட்டத்தில் எப்போது டாக்கிங் செய்வது, காற்றோடு இறங்கும் கட்டத்தில் எப்போது ஜைபிங் செய்வது என்ற முடிவுகளே வெற்றியை நிர்ணயிக்கின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன், ஒருவரே சுக்கானையும் பாய்க்கயிற்றையும் கையாளும் படகில் போட்டியிட்டார்; கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய இருவரும் ‘49இஆர்’ என்னும் அதிவேகப் படகைச் செலுத்தினர். இத்தகைய வேகப் படகுகள் காற்றோடு நேராக ஓடுவதைவிடச் சாய்வாக ஓடும்போது விரைந்து செல்வதால், இறங்கும் கட்டத்திலும் அவை ஜைபிங் செய்து வளைந்து வளைந்தே செல்கின்றன. 2024-25இல் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், அவருடைய சக அதிகாரி தில்னாவும் இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ படகில் உலகைக் கிழக்கு நோக்கிச் சுற்றிவந்தபோது, தென் கடல்களின் மேலைக்காற்றைப் பின்னால் வாங்கி ஓடும் பகுதிகளில் ஜைபிங்கைக் கையாளும் திறன் உயிர்க்காப்புத் திறனாகவே இருந்தது. சதுரப் பாய்களை உடைய ‘ஐ.என்.எஸ். தரங்கிணி’ 1997 முதல் கடற்படையின் பயிற்சிக் கப்பலாக இருப்பதால், பழைய முறையும் நம் நாட்டில் கற்பிக்கப்படுகிறது.

சொல்லின் இரண்டாம் பொருளான நிலை, பன்னாட்டுச் சட்டத்தின் பொருளாகவும் இருக்கிறது. கடலில் மோதல்களைத் தவிர்க்க 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளின்படி, இரு பாய்க்கலங்கள் வெவ்வேறு பக்கங்களில் காற்றை வாங்கி ஒன்றையொன்று நெருங்கினால், இடப்பக்கத்தில் காற்றை வாங்கும் கலம் வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது வழிவிட வேண்டும். டாக்கிங் செய்தோ ஜைபிங் செய்தோ போக்கை மாற்றும் ஒவ்வொரு கலமும், இவ்வாறு தன் உரிமையையும் கடமையையும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறது.

ஆகவே, கடல் வரலாற்றையோ கடற்புனைவையோ படிப்பவர் இச்சொற்களைச் சந்திக்கும்போது இரு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: காற்றைக் கடந்தது முன்முனையா, பின்முனையா? அந்தக் கலம் விரித்திருந்தது சதுரப் பாயா, நீளவாட்டுப் பாயா? முதற்கேள்வி திருப்பத்தின் பெயரைத் தரும். இரண்டாம் கேள்வி அந்தத் திருப்பம் துணிச்சலா, எச்சரிக்கையா என்பதைத் தரும். புயலில் வேரிங் செய்த பழங்காலத் தலைவரும், அதே புயலில் ஜைபிங்கைத் தவிர்த்து டாக்கிங் செய்யும் இன்றைய மாலுமியும் எதிரெதிர் வழிகளில் சென்றாலும், தம் பாய்மரத்தின் வலிமை எந்தத் திசையில் இருக்கிறது என்ற ஒரே அறிவைக் கொண்டே முடிவெடுக்கிறார்கள்.